இழுவை வீடு: கேரவன் என்ற சொல்லும் அதன் தமிழும்

இலங்கை மலையகத்தில் ஒருவரிடம் 'கேரவன்' என்று சொல்லிப் பாருங்கள். படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வேன்தான் உடனே அவர் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டுச் சினிமாச் செய்திகள் நமக்கு அந்தச் சொல்லை அப்படித்தான் கற்றுத் தந்திருக்கின்றன. பிரித்தானியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் உறவினர் "நாங்க ஒரு கேரவன் வாங்கியிருக்கிறோம்" என்றால் அது வேறு பொருள். அதில் எஞ்சின் இருக்காது. படுக்கை, சமையல் மேடை, சிறு அலமாரி எல்லாம் உள்ள ஒரு குட்டி வீட்டைக் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போவதைத்தான் அவர் சொல்கிறார். அமெரிக்கர்கள் அதையே ட்ராவல் ட்ரெய்லர் என்பார்கள். நான் இழுவை வீடு என்பேன், காரணம் பிறகு வரும்.

அப்படி ஒன்றை வாங்கி நுவரெலியா, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் போய்த் தங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. எஞ்சின் உள்ள வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் ஓட்டும் முறை வேறு, பாரம் ஏற்றும் முறை வேறு, பதிவும் வேறு. 'கேரவன்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டை மூடிவிடுகிறது.

சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே 'கார்வான்' என்றால் சேர்ந்து பயணம் போகும் கூட்டம். கள்வர் பயமுள்ள நெடுவழியில் வணிகர்கள் ஒட்டகங்களோடு கூட்டமாகப் போவார்கள். இரவில் அவர்கள் தங்கும் விடுதி 'கார்வான்சராய்'. ஐரோப்பிய மொழிகள் வழியாக இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. கூட்டத்தைக் குறித்த சொல் பிறகு கூரை போட்ட ஒற்றை வண்டிக்குப் பெயரானது. ஊர் ஊராகப் போன காட்சிக்காரர்களும் ரோமா மக்களும் வாழ்ந்த குதிரை வண்டிகளை அப்படி அழைத்தார்கள். 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் பொழுதுபோக்குப் பயணத்துக்கென்றே 'வாண்டரர்' என்ற வண்டியைச் செய்வித்தார். இரண்டு குதிரைகள் இழுத்த அந்த வண்டியைத்தான் இன்றைய உல்லாசக் கேரவன்களின் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

நம் பிள்ளைகள் தினமும் ஏறிப் போகிற ஸ்கூல் வேனும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான். கேரவன் என்பதன் முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டதில் பிறந்தது 'வேன்'. ஆகவே 'கேரவன் வேன்' என்று சொல்கிறவர்கள் ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்கிறார்கள்.

'ட்ரெய்லர்' நேரடியான சொல். தரையோடு இழுபட்டுப் பின்னால் வருவது என்று பொருள். தோட்டங்களில் ட்ரெக்டருக்குப் பின்னால் பூட்டும் பெட்டியை அறிந்த நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

சரி, தமிழில் இதற்கு என்ன இருந்தது? கார்வானுக்கு நேர்ச் சொல் பழந்தமிழில் உண்டு: சாத்து. வணிகக் கூட்டம் என்று பொருள். வடமொழி 'சார்த்த' என்பதோடு சேர்த்து இதைப் பார்ப்பார்கள். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பதும் இந்தச் சாத்துத்தான். ஆனால் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போன வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமானால் உமணர்களிடம் போக வேண்டும். உப்பு விற்க நெடுவழி போன அவர்கள் குடும்பத்தோடு போனார்கள். பெரும்பாணாற்றுப்படை காட்டும் உப்பு வண்டியில் புல் வேய்ந்த கூரை இருக்கிறது, கோழி அடையும் கூடு இருக்கிறது, முன்புறம் காடி வைத்த கலம் கயிற்றில் கட்டியிருக்கிறது. குழந்தையோடு இருக்கும் தாய் எருதுகளை ஓட்டுகிறாள். அந்த வண்டியின் முன்பகுதியைப் புலவர் 'மூக்கு' என்கிறார். பிரித்தானியக் கேரவன்காரர்களும் தங்கள் வண்டியின் முன்பாரத்தை மூக்குப் பாரம் என்றே சொல்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டளவு இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கூட்டத்தார் வண்டிக்கு ஒரே உறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

உமணர்களிடமிருந்து இன்னொரு சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் 'சேம அச்சு' என்கிறார். பள்ளத்தில் இறங்குவதா, மேட்டில் ஏறுவதா, வழியில் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும் என எண்ணி, உமணர் வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போன மாற்று அச்சு அது. மலைவீதியில் போகிறவர் இதைப் படித்தால் அப்படியே ஒத்துக்கொள்வார். இழுவை வீட்டின் சக்கரம் பெரும்பாலும் காரின் சக்கர அளவில் இருக்காது. காரின் ஸ்பெயார் வீல் அதற்குப் பொருந்தாது. அதற்கென்று தனியாக ஒரு சேமச் சக்கரமும், அந்தப் பாரத்தைத் தூக்கும் ஜாக்கியும் வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் மறக்கிற பொருள் இது.

கண்டி இராச்சிய காலத்தில் மலைநாட்டுக்கும் ஒரு கார்வான் இருந்தது. உப்பும் பாக்கும் சுமந்த பொதிமாட்டுக் கூட்டம். சிங்களத்தில் அதற்குத் 'தவலம' என்று பெயர். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் தவலந்தென்ன என்ற சந்தி வருகிறதே, அந்தப் பெயருக்குள் இருப்பது இதுதான். தமிழ் அகராதிகளில் 'தாவளம்' என்றொரு சொல் இருக்கிறது, தங்குமிடம் என்று பொருள். ஒலியிலும் பொருளிலும் இரண்டும் அருகில் நிற்கின்றன. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் தாவளம் என்ற சொல் எனக்கு வேறொரு காரணத்துக்காக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கேரவனுக்குத் தமிழில் சிலர் 'நடமாடும் வீடு' என்கிறார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் எஞ்சின் உள்ள மோட்டர் வீட்டுக்கும் அது பொருந்தும். 'சொகுசு வண்டி' என்றால் சொகுசுப் பேருந்துகளும் அதில் வந்துவிடும். 'கூண்டு வண்டி' நல்ல பழைய பெயர், ஆனால் மாட்டு வண்டி இன்னும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. நான் 'இழுவை வீடு' என்பதையே பரிந்துரைப்பேன். எஞ்சின் உள்ளதற்கு 'வீட்டு வண்டி' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இழுவை என்றால் இழுப்பது அல்லவா, இழுபடுவதை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் ட்ரெக்டரை இழுவை இயந்திரம் என்பதால் எழும் கேள்வி இது. இங்கே நாம் ட்ரெக்டரை உழவு இயந்திரம் என்று எழுதுகிறோம், ஆகவே மோதல் இல்லை. இலக்கணமும் இடம் கொடுக்கிறது. கறவை மாடு கறப்பதில்லை, கறக்கப்படுகிறது. அதே போல் இழுவை வீடு இழுக்கப்படுகிறது. பேச்சில் 'இழுவை' என்றால் இழுபறி, தாமதம் என்ற பொருளும் வரும்தான். 'வீடு' பக்கத்தில் வந்ததும் அந்தப் பொருள் விலகிவிடும்.

இந்தப் பெயரை நான் விரும்புவதற்கு முக்கியமான காரணம், புது உரிமையாளர் முதலில் கற்க வேண்டிய பாதி அதில் வெளிப்படையாக நிற்கிறது என்பது. வாங்குகிறவர்கள் வீட்டைப் பார்த்து வாங்குகிறார்கள்: மெத்தை எப்படி, அடுப்பு எத்தனை, யன்னல் பெரியதா. மலைவீதியில் ஆளை வருத்துவது இழுவைதான்.

பார வண்டிக்காரர்களிடம் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்கள் இருந்தன. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் கூடினால் நுகம் கழுத்தை விட்டு மேலே எழும்பும். இழுவை வீட்டில், அதைக் காரின் பின்னால் பூட்டும் கொளுவிதான் மாட்டின் கழுத்து. பிரித்தானிய வழக்கில் ஏற்றிய மொத்தப் பாரத்தில் 5 முதல் 7 சதவீதம் கொளுவியில் இறங்க வேண்டும் என்பார்கள். அமெரிக்கர்கள் 10 முதல் 15 சதவீதம் வைக்கிறார்கள். ஆயிரம் கிலோ இழுவை வீடு என்றால் முதல் கணக்கில் 50 முதல் 70 கிலோ. எந்தக் கணக்காக இருந்தாலும் உங்கள் காரும் கொளுவியும் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. பின்பாரம் கூடினால் வேகமெடுத்ததும் வண்டியின் வால் பக்கத்துக்குப் பக்கம் ஆடத் தொடங்கும், பாம்பு நெளிகிற மாதிரி. அப்போது வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கவும் கூடாது, காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, காலை எக்சிலரேட்டரிலிருந்து மெல்ல எடுக்க வேண்டும். பாரமான பொருள்களைத் தாழ்வாக, அச்சுக்கு அருகில் வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம். 100 லீற்றர் தாங்கி பின்பக்கம் இருந்து, அதை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், கணக்கெல்லாம் மாறிவிடும்.

அப்புறம் பிரேக். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். பெரும்பாலும் முட்டுப் பிரேக்தான்: கார் வேகம் குறையும்போது பின்னால் வருவது முன்னே வந்து முட்டும், அந்த முட்டலே அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். இறம்பொடை இறக்கத்தில் அது ஓயாமல் முட்டிக்கொண்டே வந்து பிரேக் சூடேறும். ஏறின கியரிலேயே இறங்கு என்று நம் ஊர் சாரதிகள் சொல்வது இங்கே இரட்டிப்பு உண்மை. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதி பக்கம் இழுவை வீட்டோடு போகவே வேண்டாம், சுற்றுப்பாதை நல்லது. முடக்குகளில் இழுவை வீடு காரின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அகலமாக எடுத்துத் திரும்பிப் பழக ஒரு விளையாட்டு மைதானம் போதும்.

இனி 'கேம்பிங்'. லத்தீனில் வெளி, களம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம் லயங்களில் அறையைச் சொல்கிற 'காம்பரா'வுக்கும் இதற்கும் உறவில்லை. காம்பரா போர்த்துக்கேயர் வழியாக வந்த, அறையைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல். கேம்பிங்குக்கு அகராதி தரும் தமிழ் 'முகாமிடல்'. அரபியில் தங்குமிடத்தைக் குறித்த 'மகாம்' தான் முகாம். சொல்லில் குற்றமில்லை. ஆனால் இந்த நாட்டில் முகாம் என்றால் இராணுவ முகாம், அகதி முகாம். மலையகத்தில் மண்சரிவுக்குப் பிறகு தங்கவைக்கும் இடைத்தங்கல் முகாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை நினைப்பவர்களிடம் போய் "வார இறுதியில் முகாமிட்டு மகிழ்ந்தோம்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் தாவளம் வேண்டும் என்கிறேன். இடத்துக்குத் தாவளம், செயலுக்கு வெளித்தங்கல். "ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தாவளம் பார்த்து வைத்திருக்கிறோம்" என்றால் காதுக்கும் இதமாக இருக்கிறது.

தாவளம் பார்க்கும்போது காட்சியைவிட மண்ணை முதலில் பாருங்கள். வெட்டிய மண்மேட்டின் அடியிலும், ஓடை ஓரத்திலும், அண்மையில் வெடித்த நிலத்திலும் நிறுத்தக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். தென்மேல் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியாச் சரிவுகளை நனைக்கும். அதே காலத்தில் ஊவாப் பக்கம் வெயிலும் கச்சான் காற்றுமாக இருக்கும். தோட்டக் காணி என்றால் நிர்வாகத்திடம் அனுமதி வாங்காமல் உள்ளே போக வேண்டாம், அது ஒரு குடியிருப்பின் முற்றமாகவும் இருக்கும்.

நிறுத்திய பிறகு வரிசை முக்கியம். முதலில் சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும், கைப்பிரேக் இழுக்க வேண்டும், அதன் பிறகே கொளுவியைக் கழற்ற வேண்டும். சரிவு நிலத்தில் இந்த வரிசை மாறினால் வீடு தானே புறப்பட்டுவிடும். நான்கு மூலையிலும் இறக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டும், வண்டியைத் தூக்குவதற்கு அல்ல. சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால்தான் தரையில் காற்றுத் துளை வைத்திருக்கிறார்கள். நுவரெலியாக் குளிருக்குப் பயந்து அதை அடைத்துவிட்டு, உள்ளே அடுப்பையோ கரிச்சட்டியையோ எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. போர்வையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாசலில் விரிக்கும் துணிக் கூரைக்குப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை, வீட்டு முன்திண்ணையைச் சொல்லும் நம் 'இஸ்தோப்பு' போதும். பதிவு அலுவலகத்தில் மட்டும் 'இழுவை வீடு' என்று தொடங்காமல், எஞ்சின் இல்லாத ட்ரெய்லர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும், காப்புறுதியையும், உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு அந்தப் பாரத்தை இழுக்க இடம் தருகிறதா என்பதையும் முற்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.