காற்று முந்தும், மழை பிந்தும்

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்கா, காலை ஏழு மணி. எங்கள் நாய் கறுப்பன் நடையை நிறுத்திவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே நகரப் பக்கமாக மூக்கைத் தூக்கினான். என் கண்ணெதிரே கடல் தகடு போலக் கிடந்தது. சற்று நேரத்தில் சில்லென்று காற்று வந்து மோதியது. நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் மெல்ல முகத்தை மேற்கே திருப்பத் தொடங்கின.

சுமத்ரா சூறைக்காற்று. இலையுதிர்காலம் இல்லாத சிங்கப்பூருக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை வந்துபோகும் விருந்தாளி. இரவில் சுமத்ராவிலிருந்தும் மலாய்த் தீபகற்பத்திலிருந்தும் நிலக்காற்று மலாக்கா நீரிணைமேல் வீசுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், கடல்மேல் உள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்கு மேலே எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை. மேகங்கள் வரிசைகட்டித் திரள்கின்றன. மேற்கிலிருந்து வீசும் காற்று அவற்றைத் தள்ளிவர, விடியும்போது நம் தலைக்குமேல் இடி.

மழைக்கு முன் காற்று வருவது ஏன்? விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகி, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தடாலென்று கீழிறங்கி, குடத்தைக் கவிழ்த்த தண்ணீர் போலத் தரையில் பரவி, மழையை முந்திக்கொண்டு ஓடிவருகிறது. 1984 ஏப்ரல் 25 அன்று சிங்கப்பூரின் மேற்கே உள்ள தெங்காவில் இத்தகைய காற்று மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

கறுப்பனுக்கு முன்பே தெரிந்தது எப்படி? காதால் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நாய் நம்மைவிட அதிகம் கேட்பது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளைத்தான். தொலைதூர இடியில் அவற்றைக் காற்றே வழியில் விழுங்கிவிடுகிறது. எஞ்சும் அடித்தொண்டை உறுமலைக் கேட்பதில் நாய்க்கும் நமக்கும் பெரிய வித்தியாசமில்லை.

மூக்கு என்றே நினைக்கிறேன். மழைத்துளி மண்ணில் விழும்போது அடியில் சிக்கும் காற்றுக் குமிழிகள் மேலெழுந்து வெடித்து, நுண்துளிகளைத் தூவுகின்றன. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் அவற்றோடு கிளம்புகிறது. நாம் மண்வாசனை என்று சொல்வதில் பெரும்பங்கு அதுதான். மேற்கே பெய்துகொண்டிருந்த மழையின் வாசனை, நான் உணராத மெல்லிய காற்றில் அவனிடம் வந்திருக்க வேண்டும்.

குளிர்காற்று உடம்பில் படுகிறது என்றால் மின்னல் எட்டும் தூரத்தில் மேகம் வந்துவிட்டது என்று பொருள். தென்னை மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கான்கிரீட் கழிவறைக் கட்டடத்தை நோக்கி ஓடினோம், கறுப்பன் முன்னால்.