மெமரி ஃபால்ட் வந்ததும் விஎம்மைக் கொல்லாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஒரு குழு லாக் அனுப்பியிருக்கிறது: "எங்கள் கான்ஃபிடென்ஷியல் விஎம் பூட் ஆகும்போதே செத்துப்போகிறது. கர்னலில் ஏதோ பக் இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள்." திறந்து பார்த்தால் கடைசி வரி வழக்கம்போல "பேட் அட்ரஸ்". விசிபியு (விஎம்மின் மெய்நிகர் சிபியு) திரெட், கெஸ்ட்டை (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்ஸை) ஓட்டச் சொல்லி, லினக்ஸ் கர்னலில் விஎம்களைக் கவனிக்கும் கேவிஎம்மின் கேவிஎம் ரன் ஐஆக்டிலை அழைத்திருக்கிறது. அது -1 திருப்பியிருக்கிறது, எர்நோ (பிழை எண்) ஈஃபால்ட், அதாவது அந்த "பேட் அட்ரஸ்". அதைப் பார்த்ததும் அவர்களுடைய நிரல் அபார்ட் செய்துவிட்டது. கர்னலில் பக் எதுவும் இல்லை. கெஸ்ட் ஒன்றைக் கேட்டது, என்ன கேட்டது என்று படிக்காமலேயே விஎம்மை முடித்துவிட்டார்கள்.

மூன்று குழுவுக்கும் தனித்தனியாக எழுதிய பதிலை இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன். கியூஎமு என்ற விஎம்எம்மில் (விஎம்மை உருவாக்கி ஓட்டும் நிரலில்) பேட்ச் போடுகிறவர்களுக்கும், ரஸ்ட்டில் சொந்தமாக விஎம்எம் எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்ஃபிடென்ஷியல் விஎம் என்றால் தன் மெமரியை ஹோஸ்ட்டிடமிருந்தும் (விஎம்மை ஓட்டும் மெஷின்) காத்துக்கொள்ளும் விஎம்: ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் போன்றவற்றில் கெஸ்ட்டின் மெமரியை ஹோஸ்ட் தொடக்கூடாது. இதற்காக லினக்ஸ் 6.8-இல் (2024 மார்ச்) கெஸ்ட் மெம்எஃப்டி (கெஸ்ட் மெமரியை வைக்கும் ஒரு சிறப்பு ஃபைல்) வந்தது. 6.11-இல் எஸ்என்பி ஹோஸ்ட் ஆதரவும், 6.16-இல் டிடிஎக்ஸும் சேர்ந்தன. இப்போது கெஸ்ட்டின் ஒவ்வொரு முகவரிக்கும் பின்னால் இரண்டு இடங்கள் இருக்கலாம். ஒன்று ஷேர்டு, அதாவது விஎம்எம் வழக்கமாக எம்மேப் செய்து (தன் முகவரிகளோடு இணைத்து) வைத்திருக்கும் மெமரி. இன்னொன்று கெஸ்ட் மெம்எஃப்டியில் இருக்கும் பிரைவேட் மெமரி. எந்த பேஜுக்கு எது என்பதை மெமரி ஆட்ரிபியூட் சொல்கிறது. அந்த ஆட்ரிபியூட்டை வைப்பது கர்னல் அல்ல, நீங்கள். கர்னல் தானாக ஒரு பேஜைக்கூட மாற்றாது. இந்த ஒரு வரி பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

சரி, எனக்கு அலுத்துப்போன விஷயத்துக்கு வருகிறேன்.

"ஈஃபால்ட் என்றால் தவறான பாயின்டர், தவறான பாயின்டர் என்றால் நிரல் கெட்டுவிட்டது, கெட்டுவிட்டால் நிறுத்து." யூனிக்ஸில் காலங்காலமாகப் பழகிய கை இப்படித்தான் எழுதும். மற்ற சிஸ்டம் கால்களுக்கு அது சரியும்கூட. இங்கே சரியில்லை. கேவிஎம்மில் எத்தனையோ எக்ஸிட் ரீசன்கள் (கெஸ்ட் நின்று கட்டுப்பாடு விஎம்எம்முக்கு வரும் காரணங்கள்) இருக்கின்றன. ஐஓ, எம்எம்ஐஓ (மெமரி முகவரி வழியே டிவைஸைத் தொடுவது), ஹைப்பர்கால் (கெஸ்ட் கேவிஎம்மை நேரடியாகக் கூப்பிடுவது), எல்லாம் 0 திருப்பிக்கொண்டு வெளியே வரும். மெமரி ஃபால்ட் எக்ஸிட் மட்டும்தான் -1 திருப்பும். கர்னல் ஆவணத்திலேயே இதை ஆச்சரியக்குறி போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். எர்நோ ஈஃபால்ட்டாக இருக்கும், இல்லையென்றால் ஈஎச்டபிள்யூபாய்சனாக இருக்கும் (அதைப் பின்னால் சொல்கிறேன்). அப்போது கேவிஎம் ரன் ஸ்ட்ரக்டைத் திறந்து பார்த்தால் உள்ளே ஜிபிஏ, சைஸ், ஃப்ளாக்ஸ் மூன்றும் எழுதப்பட்டிருக்கும். எந்த முகவரி, எவ்வளவு நீளம், கெஸ்ட் அதை எப்படித் தொட வந்தது என்பவை அவை. ஃப்ளாக்ஸில் பிட் 3 (0-இலிருந்து எண்ணினால்) 1 என்றால் பிரைவேட்டாகத் தொட வந்தது. 0 என்றால் ஷேர்டாக.

அதாவது கெஸ்ட் கதவைத் தட்டி "இந்த பேஜ் எனக்கு ஷேர்டாக வேண்டும்" என்று கேட்கிறது. உங்கள் ஆட்ரிபியூட்டில் அது இன்னும் பிரைவேட் என்று இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, அதனால் கர்னல் உங்களிடம் வந்து நிற்கிறது. நீங்கள் ஆட்ரிபியூட்டை மாற்றிவிட்டு மறுபடி கேவிஎம் ரன் அழைத்தால், கெஸ்ட் அதே இன்ஸ்ட்ரக்ஷனைத் திரும்பச் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தட்டியது யார் என்று பார்க்காமலேயே திருடன் என்று அடித்து அனுப்புவதுதான் அந்த அபார்ட்.

"எங்கள் கெஸ்ட் ஒழுங்காக ஹைப்பர்கால் மூலம் சொல்லிவிட்டுத்தானே மாற்றுகிறது, இந்த ஃபால்ட் எதற்கு வர வேண்டும்?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலான மாற்றங்கள் அந்த வழியில்தான் வரும், உண்மைதான். லினக்ஸ் எஸ்இவி கெஸ்ட் தன் மெமரியில் 6 சதவீதத்தை டிவைஸ்களுக்கான பவுன்ஸ் பஃபராக (டேட்டாவை இடையில் நகலெடுத்து வைக்கும் இடமாக) ஒதுக்கும், அதிகபட்சம் 1 ஜிபி. அதை ஷேர்டாக மாற்றச் சொல்லி முறையாகக் கேட்கும். ஆனால் சொல்லாமல் தொடுவதும் நடக்கும். இரண்டு வழிக்கும் கோட் இருந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே கன்வர்ஷன் ஃபங்ஷனில் வந்து சேரட்டும். தனித்தனியாக எழுதினால் ஒன்றில் சரிசெய்த பிழை இன்னொன்றில் அப்படியே கிடக்கும். இதையும் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். எர்நோ வேறு ஏதாவது என்றால் எக்ஸிட் ரீசனை நம்பாதீர்கள், அது பழைய மிச்சமாக இருக்கலாம். ஈஃபால்ட் வந்தும் எக்ஸிட் ரீசன் மெமரி ஃபால்ட் இல்லையென்றால், அதுதான் நிஜமான கோளாறு. அப்போது தாராளமாக நிறுத்துங்கள்.

வேறொரு குழு இந்த அளவுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஃபால்ட்டைக் கையாண்டார்கள், விஎம்மும் பூட் ஆனது. ஒரு விசிபியு கொடுத்தால் நாள் முழுக்க ஓடும். எட்டு கொடுத்தால் சில நிமிடங்களில் டேட்டா கெட்டுப்போகும். இரண்டு வாரம் டிஸ்க் டிரைவரைச் சந்தேகப்பட்டுத் தேடிவிட்டு என்னிடம் வந்தார்கள். அவர்கள் ஃபங்ஷனை வரிவரியாகப் படித்தேன். ஃபால்ட் வந்த பேஜின் இப்போதைய ஆட்ரிபியூட்டை எடுக்கிறார்கள். பிரைவேட்டாக இருந்தால் ஷேர்டு ஆக்குகிறார்கள், ஷேர்டாக இருந்தால் பிரைவேட் ஆக்குகிறார்கள். கெஸ்ட் அனுப்பிய ஃப்ளாக்கை எங்கேயும் படிக்கவே இல்லை. "ஃபால்ட் வந்ததென்றால் இருப்பதற்கு எதிரானதைத்தானே கேட்கிறது" என்று தர்க்கம் சொன்னார்கள்.

இரண்டு விசிபியு ஒரே பேஜை ஒரே நேரத்தில் ஷேர்டாகத் தொடுகிறது என்று வையுங்கள். இரண்டுமே ஃபால்ட்டோடு வெளியே வருகின்றன. முதல் திரெட் பேஜை ஷேர்டு ஆக்கிவிட்டு உள்ளே போகிறது, கெஸ்ட் அதில் எழுதுகிறது. இரண்டாவது திரெட் இப்போதுதான் பார்க்கிறது: ஷேர்டாக இருக்கிறதே, அப்போது பிரைவேட் ஆக்கு. ஆக்கும்போது ஷேர்டு பக்கத்தில் இருந்ததை டிஸ்கார்ட் செய்கிறது, அதாவது தூக்கி எறிகிறது. முதல் விசிபியு எழுதியது போயிற்று. இரண்டாவது விசிபியு உள்ளே போகிறது, ஷேர்டாகத் தொடுகிறது, மறுபடி ஃபால்ட், மறுபடி ஷேர்டு. இப்போது அங்கே இருப்பது வெறும் பூஜ்யங்கள். எந்த எரரும் இல்லை, எந்த லாகும் இல்லை.

திருத்தம் மூன்றே வரிதான். கெஸ்ட் என்ன கேட்டது என்பதை ஃப்ளாக்கிலிருந்து எடுங்கள். லாக் (பூட்டு) எடுத்துக்கொண்டு ஆட்ரிபியூட்டைப் பாருங்கள். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்றால் ஒன்றும் செய்யாமல் கேவிஎம் ரன்னுக்குத் திரும்புங்கள், வேறு விசிபியு வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் மட்டும் மாற்றுங்கள். தயவுசெய்து ஊகிக்காதீர்கள். கெஸ்ட்டே எழுதிக் கொடுத்திருக்கும்போது ஊகம் எதற்கு?

முகவரியைச் சரிபார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஜிபிஏவும் சைஸும் பேஜ் அளவுக்குச் சீராக இருக்கிறதா, அந்த இடத்தில் உண்மையில் ரேம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ரேம் இல்லாத இடத்துக்கு வரும் எல்லாக் கோரிக்கையையும் எரர் என்று தள்ளிவிடாதீர்கள். டிடிஎக்ஸில் ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேர் (விஎம் பூட் ஆகும்போது முதலில் ஓடும் நிரல்) 32 பிட் பிசிஐ எம்எம்ஐஓ பகுதியையும், ஐஓ ஏபிக் (இன்டரப்ட் கன்ட்ரோலர்) இருக்கும் 4 கேபி பேஜையும் முன்னெச்சரிக்கையாக ஷேர்டாக்கச் சொல்லிக் கேட்கும். அங்கே ரேம் கிடையாது. கியூஎமு அதைப் பேசாமல் ஏற்றுக்கொண்டு போகிறது. நீங்கள் கறாராக எரர் கொடுத்தால் ஃபர்ம்வேர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ரேம் இல்லாத இடத்தை பிரைவேட் ஆக்கச் சொன்னால் மட்டும் மறுங்கள்.

இனி மெமரி கணக்கு. ஆட்ரிபியூட்டை மாற்றுவதால் பழைய பக்கத்திலிருக்கும் மெமரி தானாக விடுபடாது. 64 ஜிபி கெஸ்ட் ஒன்று தன் பேஜ்களை முன்னும் பின்னுமாக மாற்றிக்கொண்டே இருந்து, நீங்கள் எதையும் விடுவிக்காமல் இருந்தால், ஹோஸ்ட்டில் அது 128 ஜிபி வரை வளரலாம். முதல் குழுவின் இரண்டாவது புகார் இதுதான்: "ஹோஸ்ட்டில் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் நிரல்களைக் கொல்லும் கர்னல் பகுதி) வருகிறது, மெமரி லீக்." லீக் இல்லை, நீங்கள் துடைக்கவில்லை. பிரைவேட் ஆக்கினால் ஷேர்டு பக்கத்தை டிஸ்கார்ட் செய்யுங்கள். ஷேர்டு ஆக்கினால் கெஸ்ட் மெம்எஃப்டியில் எஃப்அலொகேட் பஞ்ச் ஹோல் போட்டு அந்தப் பகுதியை விடுவியுங்கள். முதலில் ஆட்ரிபியூட், அப்புறம் டிஸ்கார்ட். வரிசையை மாற்றாதீர்கள், இடைவெளியில் இன்னொரு விசிபியு உள்ளே வந்து பழைய பக்கத்தையே மறுபடி நிரப்பிவிடும். ஷேர்டு பக்கம் ஹியூஜ்டிஎல்பி (பெரிய பேஜ்கள்) என்றால் கதை வேறு. அது முன்கூட்டியே ஒதுக்கிய மெமரி, கியூஎமுவும் அதை டிஸ்கார்ட் செய்வதில்லை.

ஈஎச்டபிள்யூபாய்சனை ஈஃபால்ட்டோடு ஒரே கேஸில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கன்வர்ஷன் கோரிக்கை அல்ல, அந்த பேஜுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டுவேர் மெமரி பழுதாகிவிட்டது என்ற செய்தி. ஆட்ரிபியூட்டை மாற்றினால் அதில் இருந்த டேட்டா திரும்பி வராது. வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் பேஜாக இருந்தால் நீங்கள் சத்தமில்லாமல் பூஜ்யத்தைக் கொடுத்திருப்பீர்கள். அதைத் தனியாகப் பிடியுங்கள், லாகில் எழுதுங்கள், விஎம்மை நிறுத்துங்கள்.

ஃபால்ட்டே வராத இடம் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் கவலை. உங்கள் விஎம்எம்மின் டிவைஸ் கோட், வர்ட்ஐஓ பிளாக் (மெய்நிகர் டிஸ்க்) என்று வைத்துக்கொள்வோம், கெஸ்ட் கொடுத்த முகவரியைத் தன் எம்மேப் வழியாகப் படிக்கிறது. அந்த பேஜ் பிரைவேட் என்றால் கெஸ்ட் எழுதியது கெஸ்ட் மெம்எஃப்டியில் இருக்கிறது. உங்கள் எம்மேப் காட்டுவது ஷேர்டு பக்கத்தை. அங்கே பூஜ்யங்கள் மட்டுமே. ஐஆக்டில் எரர் இல்லை, சிக்னல் இல்லை, டிவைஸ் சமர்த்தாகப் பூஜ்யங்களை டிஸ்கில் எழுதிவிடும். அதனால் டிவைஸ் பக்கம் தொடும் முன் ஆட்ரிபியூட்டைப் பாருங்கள். பிரைவேட் என்றால் அந்தக் கோரிக்கைக்கு எரர் கொடுத்து லாகில் எழுதுங்கள். வர்ட்ஐஓவில் ஆக்சஸ் பிளாட்ஃபார்ம் ஃபீச்சரை ஆன் செய்து வையுங்கள், அப்போதுதான் கெஸ்ட் டிரைவர் டிஎம்ஏ ஏபிஐ (டிவைஸுக்கு மெமரி கொடுக்கும் கர்னல் வழி) வழியாகப் போய் பவுன்ஸ் பஃபரைப் பயன்படுத்தும்.

இதையெல்லாம் சோதிக்க எஸ்என்பி மெஷின் கையில் இல்லை என்று சொல்லாதீர்கள். கேவிஎம்மில் சாஃப்ட்வேர் புரொடெக்டட் விஎம் என்ற வகை இருக்கிறது. பாதுகாப்பு எதுவும் தராது, ஆனால் ஆட்ரிபியூட்டும் ஃபால்ட்டும் இதே முறையில்தான் ஓடும், அதற்காகவே வைத்தது. கர்னல் மரத்தில் கேவிஎம் செல்ஃப்டெஸ்ட்களுக்குள் பிரைவேட் மெம் கன்வர்ஷன்ஸ் டெஸ்ட் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. பல விசிபியு வைத்து ஓட்டலாம். உங்கள் ஃபங்ஷனை எழுதும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள், ஒரு மாலை நேரம் போதும்.

அப்புறம், எனக்கு அடுத்த லாக் அனுப்பும் முன் ஒன்று செய்யுங்கள். அந்த அபார்ட்டுக்கு மேலே ஒரு வரி சேர்த்து எர்நோ, எக்ஸிட் ரீசன், ஜிபிஏ, சைஸ், ஃப்ளாக்ஸ் ஐந்தையும் அச்சிடுங்கள். கூடவே அந்த பேஜுக்கு அந்த நேரத்தில் நீங்கள் வைத்திருந்த ஆட்ரிபியூட்டையும். "பேட் அட்ரஸ்" என்ற வரி மட்டும் வந்தால் அதை வைத்து என்னால் எதையும் பார்க்க முடியாது.