மாடியில் ஓர் ஓதம்

உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் போர் தண்ணீர் கரிக்கிறது. மீன் தொட்டித் தண்ணீரிலேயே கீரையும் தக்காளியும் வளர்க்கலாம் என்கிறார்களே, இங்கே அது நடக்குமா?"

நடக்கும். முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பள்ளியில் படித்த நைட்ரஜன் சுழற்சிதான். மீன் தின்ற தீவனத்தின் புரதம், செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. அது சேர்ந்தால் மீனுக்கே நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கு உணவு. சுத்தமான தண்ணீர் மீனிடமே திரும்புகிறது.

இந்த பாக்டீரியாக்கள் குடியிருப்பது, மண்ணுக்குப் பதில் ஜல்லி நிரப்பிச் செடி வளர்க்கும் படுகையில். அவற்றுக்குக் காற்று ஏராளமாக வேண்டும். அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. நம் ஊர் வெயிலில் 30 டிகிரிக்கு வந்த நன்னீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். கணக்குப் போட்டால், அந்த ஒரு கிராமுக்கு 600 லிட்டர் தண்ணீரின் மொத்த ஆக்சிஜனும் காலி. காற்றிலோ லிட்டருக்கு 270 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே ஜல்லிக்குள் தண்ணீரும் போக வேண்டும், காற்றும் போக வேண்டும், மாறி மாறி.

இதைச் செய்து தருவதுதான் பெல் சைஃபன். எனக்கு இந்த அமைப்பிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான். இதற்கெனத் தனி மின்சாரம் இல்லை, வால்வு இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை.

ஓர் அடி ஆழப் படுகையின் நடுவில், அடி வழியாக மீன் தொட்டிக்கு இறங்கும் ஓர் அங்குல பிவிசி குழாய் நிற்கிறது. அதன் வாய், ஜல்லியின் மேற்பரப்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே. அதன் மேல், தலை மூடிய மூன்று அங்குலக் குழாயைக் கவிழ்த்து வைக்கிறோம்; இதுதான் மணி. மணியின் அடியில் தண்ணீர் நுழைய வெட்டுகள் உண்டு. வேரும் கல்லும் அடைக்காதபடி வெளியே ஓட்டை போட்ட இன்னொரு குழாய்.

மீன் தொட்டியிலிருந்து மோட்டார் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. படுகையில் மட்டம் உயர்கிறது, மணிக்குள்ளும் உயர்கிறது. நடுக்குழாயின் வாயைத் தொட்டதும் முதலில் சொட்டுச் சொட்டாக வழியும். வழிவது கூடக்கூட, விழும் தண்ணீர் மணிக்குள் இருக்கும் காற்றையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே உள்ள வளிமண்டலம் படுகைத் தண்ணீரை மணிக்குள் தள்ளுகிறது. கேனிலிருந்து டீசல் இறக்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார்களே, அந்த உறிஞ்சலை இங்கே தண்ணீரே செய்துகொள்கிறது! பிறகு மடமடவென்று வடியும். மட்டம் மணியின் அடி வெட்டுகளுக்கு இறங்கியதும், 'களக்' என்று காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். மறுபடி நிரம்பத் தொடங்கும்.

வடியும் ஒவ்வொரு முறையும், தண்ணீர் விட்ட இடத்துக்குப் புதுக்காற்று ஜல்லிக்குள் இறங்குகிறது. வேரும் மூச்சுவிடுகிறது, பாக்டீரியாவும் மூச்சுவிடுகிறது. பாக் நீரிணையின் ஏற்றவற்றத்தைப் போல, மாடியில் ஒரு சின்ன ஓதம். கால் மணி நேரத்தில் நிரம்பும்படி மோட்டார் ஓட்டத்தை வையுங்கள். மிகக் குறைந்தால் சைஃபன் பிடிக்காது, மிகக் கூடினால் அறுபடாது.

சரி, உப்புக்கு வருவோம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்ததை ஈடுசெய்ய நாள்தோறும் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஜிலேபி மீன் தாங்கிக்கொள்ளும், பீன்ஸ் தாங்காது. அதனால் மழைநீரைச் சேமியுங்கள். 1000 சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 9000 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஜிலேபியை மட்டும் ஊருணியில் விட்டுவிடாதீர்கள். பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கருங்கல் ஜல்லியே போடுங்கள். சிப்பி, பவளக்கல் கலந்த கல் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். காரம் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும், இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் மஞ்சளாகும். கல்லில் வினிகர் ஊற்றி நுரைத்தால் ஒதுக்குங்கள். பவளக்கல்லைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. தொட்டியை ஈசானிய மூலையில்தான் வைக்க வேண்டும் என்று வாஸ்து சொல்பவர்கள் வருவார்கள். மீனுக்குத் தேவை மூலை அல்ல, நிழல்.

மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கடல் விராலை (கோபியா) இந்தியாவில் முதன்முதலாக 2010-இல் அங்கேதான் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். அந்தத் திறமையில் ஒரு துளி, கரிப்புத் தண்ணீரில் கொடுவா மீனும் உப்பைத் தாங்கும் உமரிக்கீரையும் சேர்த்து வளர்க்கும் வீட்டளவு சோதனைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ஆகும் பணம் பெரிதல்ல. மழை பொய்க்கும் ஆண்டில் இக்கரை வீடுகளுக்கு அது பெரிய துணை.

வாசகிக்கு: ஐப்பசி மழையில் 500 லிட்டர் தொட்டியை நிரப்புங்கள். நான்கைந்து மீன் மட்டும் விட்டு, தீவனத்தைக் குறைத்துப் போட்டு, ஆறு வாரம் பொறுங்கள். தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்; அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் தெரிந்த பிறகு, இன்னும் பதினைந்து குஞ்சுகள் விடலாம். கீரை விதையை அதற்கு முந்தைய வாரமே தூவிவிடுங்கள்.