எண்களுக்கு இடம் காட்டுதல்

நான்காம் வகுப்பில் படிக்கும் தம் மகள் கதைப் புத்தகங்களைத் தடங்கலின்றி வாசிக்கிறாள் என்றும், ஆனால் எட்டையும் ஏழையும் கூட்டுவதற்கு இன்னமும் ஒன்றிலிருந்து விரல் விட்டு எண்ணுகிறாள் என்றும், காலையில் ஒப்பித்த வாய்ப்பாடு மாலையில் மறந்துவிடுகிறது என்றும் ஒரு தாயார் எழுதியிருந்தார். இன்னும் அதிகமாக மனப்பாடம் செய்ய வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

அந்தக் குழந்தைக்கு இருப்பது டிஸ்கால்குலியா எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடுதானா என்பதைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் சோதித்துத்தான் சொல்ல முடியும். பள்ளி மாறியது, கண் பார்வை, பயம் என்று கணக்கு வராமல் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 3 முதல் 7 பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மூளையின் உச்சிக்குச் சற்றுப் பின்னால், இரு புறமும் உள்ள பரைட்டல் மடலில் ஒரு மடிப்பு இருக்கிறது. அளவுகளை ஒப்பிடும்போது இயங்கும் அந்தப் பகுதி, இக்குழந்தைகளிடம் வேறுவிதமாக இயங்குவது ஸ்கேன்களில் தெரிந்திருக்கிறது.

8 என்ற இலக்கத்தைப் பார்த்ததும், அது 7க்கு அடுத்தது, 10க்கு இரண்டு குறைவு, 3ஐவிட வெகுவாகப் பெரியது என்பதெல்லாம் நமக்குக் கேட்காமலே மனத்தில் வந்து விழுகின்றன. டிஸ்கால்குலியா உள்ள குழந்தைக்கு அந்த இலக்கம் பெரும்பாலும் ஒரு பெயர் மட்டுமே. பெயர்களை எத்தனை முறை ஒப்பித்தாலும் அவற்றிடையே உறவு உண்டாவதில்லை. ஆகவே கற்பித்தல் வாய்ப்பாட்டுக்கு முன்பே, எண்ணுக்கு அளவும் இடமும் உண்டு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு முனையில் 0, மறுமுனையில் 100 என்று குறித்த வெறும் கோட்டைக் கொடுத்து, 25 எங்கே வரும் என்று கேட்டுப் பாருங்கள். சிறு குழந்தைகள் பலர் பாதியைத் தாண்டிப் புள்ளி வைப்பார்கள். சிறிய எண்கள் அவர்கள் மனத்தில் அகலமாக விரிந்தும், பெரிய எண்கள் கடைசியில் நெருக்கியடித்தும் கிடக்கின்றன. வயது ஏற ஏற இந்தக் கோடு தானாகவே சீராகும். டிஸ்கால்குலியா உள்ளவர்களிடம் அது வெகுநாள் கோணலாகவே இருக்கிறது.

அந்தக் கோட்டை நிமிர்த்துவதற்கு உளவியலாளர்கள் ராபர்ட் சீக்லர், கீதா ராமணி இருவரும் 2008இல் கையாண்ட வழி என்னை மிகவும் கவர்ந்தது. ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை எழுதிய சம அளவுக் கட்டங்கள், ஒரு காய், சுழற்றினால் 1 அல்லது 2 காட்டும் ஒரு முள், அவ்வளவுதான். வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த அமெரிக்கக் குழந்தைகள், நான்கைந்து வயதினர், இதை 15 நிமிடம் வீதம் நான்கே முறை ஆடினார்கள். கோட்டில் எண்ணை வைப்பதிலும், எது பெரிது என்று சொல்வதிலும் ஏற்பட்ட முன்னேற்றம் ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்திருந்தது. எண்களுக்குப் பதிலாக நிறங்கள் இருந்த அதே பலகையை ஆடிய குழந்தைகளிடம் அந்த மாற்றம் இல்லை. அடுத்த ஆண்டு கட்டங்களை வட்டமாக அடுக்கிப் பார்த்தபோதும் பலன் கிட்டவில்லை!

காரணம் அழகானது. நேர்க்கோட்டில் 8க்குப் போகும் காய் 4க்குப் போனதைப்போல் இருமடங்கு தூரம் நகர்கிறது. கை இருமடங்கு அசைகிறது, வாய் இருமடங்கு எண்களைச் சொல்கிறது, நேரமும் ஏறத்தாழ இருமடங்கு ஆகிறது. கண், கை, வாய், காலம் ஆகிய நான்கும் ஒரே சேதியைச் சொல்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 3இல் நிற்கும் காய்க்கு 2 விழுந்தால், குழந்தை "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தாமல், கட்டத்தில் உள்ள எண்ணைப் படித்து "நான்கு, ஐந்து" என்று நகர்த்த வேண்டும். 100 வரை நீளும் பலகையில் சீக்லரும் எலிடா லாஸ்கியும் 2014இல் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டபோது, இரண்டாவதுதான் கற்பித்தது. நம் வீட்டுப் பாம்பு-ஏணிப் பலகை இதற்கு அவ்வளவாக உதவாது. அதில் வரிசைக்கு வரிசை திசை மாறுகிறது, போதாக்குறைக்குப் பாம்பு வேறு காயை இழுத்துக்கொண்டு போகிறது.

மேற்சொன்ன குழந்தைகளுக்கு டிஸ்கால்குலியா இருந்ததாகச் சொல்ல முடியாது. எனினும் சூரிச்சில் கரின் குசியான் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அக்குறைபாடுள்ள 8 முதல் 10 வயதுக் குழந்தைகளையே எடுத்துக்கொண்டது. 0 முதல் 100 வரையிலான கோட்டில், கொடுத்த எண்ணோ கணக்கின் விடையோ எங்கே வருமோ அங்கே ராக்கெட்டை இறக்கும் கணினி விளையாட்டு. நாளுக்கு 15 நிமிடம், வாரத்தில் 5 நாள், 5 வாரம். கோட்டில் எண்ணை வைப்பது துல்லியமாயிற்று, கூட்டலும் கழித்தலும் தேறின, மூளையின் முன்பகுதி முன்போல அதிகமாக உழைக்கவேண்டியும் இருக்கவில்லை.

இத்தகைய ஆய்வுகள் குறைவு. 2000க்குப் பிந்தைய பத்தாண்டில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டின் ஆய்வுக்கு 10.72 கோடி டாலர் தந்தபோது, டிஸ்கால்குலியாவுக்குத் தந்தது 23 லட்சம் டாலர்தான் என்று பிரையன் பட்டர்வொர்த்தும் அவருடைய சகாக்களும் 2011இல் சுட்டிக்காட்டினார்கள். ஆய்வு விட்ட இடைவெளியில் நம் ஊரில் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' வகுப்புகள் புகுந்துகொண்டன. கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்லவைக்கும் அந்த வித்தைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. அதற்குக் கட்டும் பணத்தை மிச்சப்படுத்தி ஒரு சார்ட் அட்டை வாங்குவது மேல்.

அந்தத் தாயாருக்கு: விரல் விடுவதைத் தடுக்காதீர்கள், அது அவளிடம் இருக்கும் கருவி. ஒன்றிலிருந்து தொடங்காமல் எட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அது பழகியபின், அட்டையில் 1 முதல் 20 வரை ஒரே வரிசையாகக் கட்டம் வரைந்து, 10ஐ மட்டும் வண்ணம் தீட்டி, எட்டிலிருந்து இரண்டு தாண்டினால் பத்து, ஏழில் மீதி ஐந்து, ஆக பதினைந்து என்று காயை நகர்த்திக் காட்டுங்கள். அட்டையை எப்போது விடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். சோதனையில் குறைபாடு உறுதியானால் சான்றிதழ் பெற்று வையுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது, தேர்வுச் சலுகை கேட்கும்போது அந்தச் சான்றிதழ் தேவைப்படும்.