முதல் மாற்றம் சின்னதாக இருக்கட்டும்

பெரிய டெக் நிறுவனத்தில் சேரும் புதியவரின் முதல் வாரம் பெரும்பாலும் அனுமதி கேட்பதிலேயே போய்விடும். லேப்டாப்பும் செக்யூரிட்டி கீயும் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். ரெப்போ (கோட் வைத்திருக்கும் இடம்), லாக் (சிஸ்டம் எழுதும் பதிவுகள்), டேஷ்போர்டு, டெஸ்ட் டேட்டாபேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட் (கோரிக்கை) போட வேண்டியிருக்கும். அதற்கு ஒப்புதல் தருபவர் விடுமுறையில் இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். தேவைப்படும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். டீமில் உங்களுக்கு முன்பு கடைசியாகச் சேர்ந்தவரிடம் அவர் என்னென்ன ஆக்சஸ் வாங்கினார் என்று கேட்டு, முதல் நாளே எல்லாவற்றுக்கும் டிக்கெட் போட்டுவிடுங்கள்.

அந்தப் பட்டியலில் வாடிக்கையாளர்களின் நிஜத் தரவு இருக்கும் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸில் எழுதும் உரிமை இருந்தால் அதை மட்டும் கேட்காதீர்கள். சேர்ந்த முதல் நாளே ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழித்துவிட்டதாக 2017-இல் ஓர் இளம் பொறியாளர் இணையத்தில் எழுதியது பரவலாகப் பேசப்பட்டது. செட்டப் கையேட்டில் மாதிரிக்காகக் கொடுத்திருந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் ப்ரொடக்‌ஷனுக்கு உரியவை. தனக்கென்று உருவான டேட்டாபேஸின் விவரத்தைப் போட வேண்டிய இடத்தில் அவர் கையேட்டில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டார். டெஸ்ட் ஓடும்போது பழைய தரவைத் துடைப்பது வழக்கம். அன்று துடைக்கப்பட்டது வாடிக்கையாளர்களின் தரவு. அவரை அன்றே வெளியேறச் சொல்லிவிட்டார்கள். பிழை அந்தப் பையனுடையது அல்ல. பாஸ்வேர்டைக் கையேட்டில் எழுதி, எவர் கைக்கும் எட்டும்படி வைத்தவர்களுடையது.

அடுத்தது முதல் கோட் மாற்றம். ஃபேஸ்புக்கில் 2008-இல் தொடங்கிய பூட்கேம்ப் முறையில் புதியவர்கள் சுமார் ஆறு வாரம் எந்த டீமிலும் சேராமல், நிஜமான சின்னச் சின்ன பக்குகளை (கோடில் உள்ள பிழைகளை) சரிசெய்தார்கள். டீமைத் தேர்ந்தெடுத்தது அதன் பிறகுதான். எந்த நிறுவனமானாலும் இந்த வரிசை நல்ல வரிசை. ஒரு எரர் மெசேஜில் உள்ள எழுத்துப்பிழையோ, விடுபட்டுப்போன ஒரு டெஸ்ட்டோ போதும். பிராஞ்ச் (கோடின் தனிப் பிரதி), பில்ட் (கோடை ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது), டெஸ்ட், ரிவ்யூ (சக ஊழியர் படித்துக் கருத்துச் சொல்வது), மெர்ஜ் (பொதுக் கோடில் சேர்ப்பது), டிப்ளாய் (பயன்பாட்டுக்கு விடுவது) என்ற பாதை முழுவதையும் ஒருமுறை நடந்து பார்ப்பதே இதன் நோக்கம். மாற்றம் பெரிதாக இருந்தால் எதாவது உடையும்போது உடைத்தது உங்கள் கோடா, உங்கள் செட்டப்பா என்று பிரித்தறிய முடியாது.

கூகுள் பொதுவில் வெளியிட்டிருக்கும் ரிவ்யூ வழிகாட்டி, ஒரு மாற்றத்துக்கு 100 வரி பொதுவாக நியாயமான அளவு, 1000 வரி பெரும்பாலும் அதிகம் என்கிறது. ரிவ்யூ செய்பவர் அதிகபட்சம் ஒரு வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால் ஒரு நாள் கழித்து நினைவூட்டுவது தொந்தரவு ஆகாது. கருத்தின் முன்னால் ‘நிட்’ என்று இருந்தால், செய்தால் நல்லது, செய்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று பொருள். இது தெரியாமல், இருபது கருத்துகள் வந்ததும் தன் கோடே தேறாது என்று மனமுடைந்து போகிறவர்கள் உண்டு.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் கேட்கத் தயங்குவது. கல்லூரியில் சந்தேகம் கேட்டால் “கிளாஸ்ல என்ன பண்ணிட்டிருந்த?” என்ற பதிலையே கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டு நாள் திணறுவார்களே தவிர வாயைத் திறக்க மாட்டார்கள். அரை மணி நேரம் முயன்றும் நகரவில்லையென்றால் டீமின் பொது சேனலில் கேளுங்கள். “பில்ட் ஆகலை, கொஞ்சம் பாருங்க” என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. ஓட்டிய கமாண்ட், எரரின் முழு வாசகம், இதுவரை முயன்றவை மூன்றையும் எழுதுங்கள். எரரை ஸ்க்ரீன்ஷாட்டாகப் போடாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். நாளை அதே எரரில் சிக்குபவர் தேடிக் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

மேனேஜர்களுக்கும் ஒன்று. புதியவர் சேரும் முன்பே கூகுள் தன் மேனேஜர்களுக்கு ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பியது: பொறுப்புகளைப் பேசுங்கள், துணைக்கு ஒரு சக ஊழியரைக் கொடுங்கள், பலரை அறிமுகப்படுத்துங்கள், முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், மனம்விட்டுப் பேச இடம் கொடுங்கள். துணைக்குக் கொடுப்பவர் ரிலீஸ் வேலையில் மூழ்கியிருப்பவராக இருந்தால் அந்த ஏற்பாட்டால் பயனில்லை. அவருடைய மற்ற வேலையைக் குறைத்துவிட்டுக் கொடுங்கள். எந்த நேரத்தில் கோளாறு வந்தாலும் கவனிக்கும் ஆன்-கால் பொறுப்பையும் எடுத்த எடுப்பில் தலையில் கட்டாதீர்கள். முதல் சுற்றில் அனுபவசாலி கையாள்வதைப் புதியவர் பார்க்கட்டும். அடுத்த சுற்றில் புதியவர் கையாளட்டும், அனுபவசாலி பக்கத்தில் இருக்கட்டும். அலர்ட் தனியாக அவர் ஃபோனுக்குப் போவது அதற்கப்புறம்தான்.