தையலில்லாத கண்புரை அறுவையும் கண் உறுத்தலும்

கண்புரை அறுவை முடிந்து சில வாரங்களில், கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்று வருகிறவர்கள் பலரும், "லேசர் ஆபரேஷன், தையலே இல்லை என்றார்களே, பிறகு ஏன் இப்படி?" என்றுதான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதிவிடுகிறேன்.

தையல் இல்லையென்றால் கீறலே இல்லை என்று பொருளல்ல. பலர் லேசர் என்று நம்பும் பேக்கோ முறையில் புரையை உடைப்பது கேளா ஒலி அதிர்வு. லேசரை உண்மையாகவே பயன்படுத்தும் இடங்களிலும், புரைத் துணுக்குகளை வெளியே எடுக்கவும் மடித்த செயற்கை லென்ஸை உள்ளே செலுத்தவும் கண்ணில் ஒரு வாசல் திறந்தே ஆக வேண்டும். பழைய முறையில் அது 10 முதல் 12 மி.மீ. வரை இருந்தது, பேக்கோவில் ஏறத்தாழ 2.2 முதல் 3 மி.மீ. வரை.

இந்தக் குறைவால் நன்மை உண்டு. கீறல் நீளமாக இருந்தால் கருவிழி (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) கீறல் அமைந்த பக்கத்துத் திசையில் தட்டையாகி, அதற்குக் குறுக்கே வளைவு கூடி, கண்ணாடியில் சிலிண்டர் பவர் (இந்தச் சீரற்ற வளைவை ஈடுசெய்யும் பவர்) ஏறும். ஆனால் அளவு மட்டுமே எல்லாம் அல்ல. 6 முதல் 7 மி.மீ. வரை உள்ள கீறலையும் கருவிழிக்குச் சற்று வெளியே வெள்ளை விழியில் சுரங்கம்போல் அமைத்தால் பாதிப்பு கணிசமாகக் குறைகிறது. (மில்லிமீட்டரைச் சொல்லிப் பெருமைப்படும் சக மருத்துவர்களுக்கு: இறுக்கமான கீறலில் லென்ஸைத் திணித்தால் அதன் விளிம்பு கிழிந்து விரியும், அளவு தானாகவே கூடிவிடும்.)

உறுத்தலுக்கு வருவோம். கருவிழியின் நரம்பிழைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடுகின்றன. ஓரத்தில் வெட்டினால் சில அறுபடும், அப்பகுதியில் உணர்ச்சி மங்கும், இமைப்பதும் கண்ணீர் சுரப்பதும் குறையும், அதனால் கண் வறண்டு உறுத்தும். சிறிய கீறலில் அறுபடுபவை குறைவுதான், ஆனால் சுழியம் அல்ல. சொட்டு மருந்துகள் கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்படுத்தியும், ஏற்கெனவே இருந்த கண் வறட்சியும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலானோருக்கு இது சில மாதங்களில் தணிந்துவிடுகிறது.

ஆகவே, கண் வறட்சி இருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். வறண்ட கருவிழியில் எடுக்கும் வளைவின் அளவு பிசகும். அதை நம்பித் தேர்ந்தெடுக்கும் லென்ஸ் பவரும் பிசகும். கண்ணைக் கசக்காதீர்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டிக்கவும் வேண்டாம். தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: வலியோ சிவப்போ கூடினாலும், பார்வை மங்கினாலும், வறட்சிதான் என்று வீட்டில் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள், கண்ணுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டிருந்தால் ஒரு நாள் தாமதமும் பார்வையைப் பறித்துவிடக்கூடும்.