ஆல்பம்: ஒற்றைப் பாட்டுக்கு வந்த தொகுப்பின் பெயர்

எங்கள் உறவினர் வீட்டுப் பையன் ஒருவன் சென்ற ஆண்டு தானே ஒரு பாட்டை எழுதி, மெட்டமைத்து, நண்பனின் அறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து எதிரொலியைத் தடுத்து ஒலிப்பதிவு செய்து, இணையத்தில் வெளியிட்டான். வெளியான அன்று வீட்டுக்கு வந்தவன், திண்ணையில் உட்கார்ந்திருந்த தன் அப்பத்தாவிடம், "அப்பத்தா, நான் ஒரு ஆல்பம் பண்ணியிருக்கேன்" என்றான். "யாரு கல்யாணத்து ஆல்பம்டா? கண்ணாடிய எடுத்துட்டு வா, பாப்போம்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த இருவரில் சொல்லைச் சரியான பொருளில் ஆண்டவர் அப்பத்தாதான். பல படங்களைச் சேர்த்துவைத்த ஏட்டை அவர் ஆல்பம் என்றார். பையனோ ஒரே ஒரு பாட்டை ஆல்பம் என்றான்.

இதில் பையனைக் குறைசொல்லிப் பயனில்லை. திரைப்படத்தில் இடம்பெறாமல், தனக்கென ஒரு காணொளியோடு வெளிவரும் ஒற்றைப் பாட்டைத் தமிழ்நாட்டில் இன்று 'ஆல்பம் பாட்டு' அல்லது 'ஆல்பம் சாங்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடி 2021இல் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி', சாய் அபயங்கர் 2024இல் வெளியிட்ட 'கட்சி சேர' ஆகிய இரண்டும் எந்தத் தொகுப்பிலும் அடங்காமல் தனியாக வந்த பாட்டுகள். இரண்டுக்கும் பேச்சுவழக்கில் கிடைத்த பெயர் ஆல்பம் பாட்டு என்பதுதான். அதே பாட்டைக் கைபேசியில் ஒலியோடைச் (ஸ்ட்ரீமிங்) செயலியில் திறந்தால், தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் 'சிங்கிள்' என்று போட்டிருக்கும். ஒரே பாட்டுக்குப் பேச்சில் ஒரு பெயர், செயலியில் அதற்கு நேர்மாறான பெயர். இந்த முரண் எப்படி வந்தது என்பதை அறியச் சொல்லின் வேரிலிருந்து தொடங்க வேண்டும்.

இலத்தீன் மொழியில் 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. பண்டைய உரோமில் அதிகாரிகளின் ஆணைகளையும் பொது அறிவிப்புகளையும் வெள்ளை பூசிய பலகையில் எழுதி மக்கள் பார்க்கும்படி வைத்தார்கள். அந்தப் பலகைக்கு 'ஆல்பம்' என்று பெயர். பிறகு பெயர்ப் பட்டியலுக்கும் அது பெயராயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் செருமானியப் பல்கலைக்கழக மாணவர்கள், தங்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் கையெழுத்தும் ஓரிரு வரி வாழ்த்தும் வாங்கிவைத்த வெற்றுத்தாள் ஏடுகளை 'நண்பர்களின் ஆல்பம்' என்று பொருள்படும் இலத்தீன் தொடரால் அழைத்தார்கள். நம் ஊரில் பள்ளியிறுதி ஆண்டில் கைமாறும் ஆட்டோகிராப் நோட்டின் முப்பாட்டன் அது என்று சொல்லலாம். இங்கேதான் சொல்லின் பொருள் பலகையை விட்டு ஏட்டுக்கு வருகிறது. வெள்ளை என்பது மறைந்து, வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவற்றை ஓரிடத்தில் சேர்த்துவைப்பது என்ற பொருள் முன்னே நிற்கிறது. அஞ்சல்தலை ஆல்பமும் நிழற்பட ஆல்பமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பொருளிலேயே பிறந்தன.

இசைக்குள் இச்சொல் நுழைந்தது இசைத்தட்டுக்கும் முன்னால். சிறுசிறு பியானோ உருப்படிகளைச் சேர்த்து அச்சிட்ட இசைக்குறியீட்டு நூல்களை ஆல்பம் என்று அழைத்தார்கள். செருமானிய இசையமைப்பாளர் இராபர்ட் சூமான் 1848இல் இளையோருக்காக எழுதிய தொகுப்பின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் இன்று நாம் அறிந்த பொருளை அதற்குக் கொடுத்தது இசைத்தட்டின் ஒரு குறைபாடு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசைதான் கொள்ளும். அதைவிட நீண்ட ஒன்றைப் பதிவு செய்தால், அதைத் துண்டு துண்டாக்கிப் பல தட்டுகளில் ஏற்றியாக வேண்டும். 1909இல் ஓடியான் என்ற செருமானிய நிறுவனம் சாய்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' இசைத்தொடரை நான்கு இருபக்கத் தட்டுகளாக ஒரே உறையில் விற்றதை இவ்வகை வெளியீடுகளின் தொடக்கமாகக் குறிப்பிடுவார்கள்.

பழைய தட்டுகளைச் சேர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படிப்பட்ட பழைய ஆல்பம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கெட்டி அட்டை, துணி ஒட்டிய முதுகு, உள்ளே தாள்களுக்குப் பதில் தடித்த பழுப்புநிற உறைகள். ஒவ்வோர் உறையின் நடுவிலும் தட்டின் பெயர்ச்சீட்டு தெரியும்படி வட்டமாக ஒரு துளை. பக்கத்தைப் புரட்டினால் தட்டோடு சேர்ந்து புரளும். ஒரு கையால் தூக்க முடியாத கனம். கல்யாணப் படங்களை ஒட்டிய ஏட்டுக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடே இல்லை, படம் இருக்கும் இடத்தில் தட்டு இருக்கிறது, அவ்வளவுதான். அப்பத்தாவிடம் இதைக் காட்டியிருந்தால் ஆல்பம் என்று உடனே ஒப்புக்கொண்டிருப்பார்.

1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீளிசைத்தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் இசை கொண்டதால், ஓர் ஏடு முழுவதும் அடுக்கிவைத்ததை ஒரே தட்டு விழுங்கிவிட்டது. ஏடு போயிற்று, பெயர் மட்டும் தட்டுக்கு வந்தது. மறு ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்றுச் சுழலும் ஏழங்குலத் தட்டை விட்டபோது, பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் தாங்கிய அந்தச் சிறுதட்டே 'சிங்கிள்' என்ற பெயருக்கு அடையாளமாயிற்று. ஆல்பமும் சிங்கிளும் எதிர்ச்சொற்களாக நின்றது இங்கேதான். பிறகு வந்த ஒலிநாடாவும் குறுந்தகடும் இந்தப் பாகுபாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டன.

அந்த எதிர்ச்சொற்கள் தமிழில் எப்படி ஒன்றாயின? நான் புரிந்துகொண்ட அளவில் காரணம் சினிமாதான். தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே படப்பாட்டு. ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டுகளைச் சேர்த்து விற்ற ஒலிநாடாவை நாம் 'படத்துப் பாட்டு கேசட்' என்றோமே தவிர, பேச்சில் அதை ஆல்பம் என்றது அரிது. படத்தின் பெயரே தொகுப்பின் பெயராக இருந்ததால் வேறொரு சொல் தேவைப்படவில்லை. படம் இல்லாமல் பாட்டுகளை மட்டும் தொகுத்து ஒருவர் வெளியிடும்போதுதான் அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' அப்படி வந்தது. மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்', ஹிப்ஹாப் தமிழா 2012இல் வெளியிட்ட 'ஹிப்ஹாப் தமிழன்' ஆகியவையும் அப்படித்தான். இவை மெய்யாகவே தொகுப்புகள். இவற்றிலிருந்து ஒரு பாட்டைத் தொலைக்காட்சியிலோ பண்பலையிலோ போடும்போது, 'இது எந்தப் படம்?' என்ற வழக்கமான கேள்விக்கு 'படம் இல்லை, ஆல்பம்' என்பதுதான் விடை. அந்த விடை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதில், ஆல்பம் என்ற சொல்லுக்குத் 'தொகுப்பு' என்ற பொருள் தேய்ந்து 'படமல்லாதது' என்ற பொருள் தங்கிவிட்டது. பிறகு யூடியூபின் காலத்தில் தொகுப்பே தேவையற்றுப்போய் ஒற்றைப் பாட்டுகளாக வரத் தொடங்கியபோதும் பெயர் மாறவில்லை. மலையாளத்திலும் ஆல்பம் பாட்டு என்ற வழக்கு இதே பொருளில் இருக்கிறது.

படமல்லாத எல்லாப் பாட்டும் ஆல்பம் பாட்டாகிவிடவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடி மாதத்தில் கோயில் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் அம்மன் பாட்டும் படத்தில் வராததுதான். அதை யாரும் அப்படி அழைப்பதில்லை. கருநாடக இசைக்கும் கிராமியப் பாட்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. காதல், துள்ளல், காணொளி, இளம்பாடகர் என்ற நான்கில் மூன்றேனும் இருந்தால்தான் அந்தப் பட்டம் கிடைக்கும்.

இச்சொல் இவ்வளவு எளிதாகத் தமிழில் வேரூன்றியதற்கு இலக்கணக் காரணம் ஒன்றும் உண்டு. இலத்தீனின் 'உம்' என்ற ஈறு ஆங்கில ஒலிப்பின் வழியே 'அம்' ஆகி, தமிழில் படம், பாடம், வட்டம் போன்ற மகர ஈற்றுச் சொற்களோடு தற்செயலாக ஒத்துப்போகிறது. ஆகவே ஆல்பம் வேற்றுமை ஏற்கும்போது அத்துச் சாரியை பெற்று ஆல்பத்தை, ஆல்பத்தில், ஆல்பத்துக்கு என்று ஆகிறது, பன்மையில் ஆல்பங்கள். சிங்கிளுக்கு இந்தப் பேறு இல்லை. 'சிங்கிளை', 'சிங்கிள்கள்' என்று சொல்லும்போது நாக்கு ஒரு கணம் தயங்குவதை உணரலாம்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இசைப்பேழை, ஒலிப்பேழை, குறுந்தகடு, இலங்கைத் தமிழரிடையே நன்கு வழங்கும் இறுவட்டு ஆகியவை எல்லாம் நல்ல ஆக்கங்கள். ஆனால் அவை பாட்டுகளை ஏந்திய பொருளைக் குறிப்பவை. பொருளே இல்லாமல் இணையத்தில் மட்டும் வெளியாகும் ஒன்றை இறுவட்டு என்பது பொருந்தாது. வேண்டியது பாட்டுகளின் சேர்க்கையைக் குறிக்கும் சொல். அதற்கு நம்மிடம் பஞ்சமே இல்லை: தொகை, கோவை, மாலை, திரட்டு, கதம்பம். இவற்றுள் எட்டுத்தொகை தந்த 'தொகை' என்பதே வரலாற்றால் மூத்தது. ஆயினும் இன்றைய வழக்கில் தொகை என்றால் பணம். 'பாடகரின் புதிய தொகை வெளியீடு' என்று தலைப்பிட்டால் வட்டி விவரத்தைத் தேடுவார்கள். எனவே அதே வேரிலிருந்து வந்த 'பாடல்தொகுப்பு', பாட்டில்லாத கருவியிசையையும் உள்ளடக்க வேண்டுமானால் 'இசைத்தொகுப்பு', ஆல்பத்துக்குத் தகுந்தவை. இதழ்களிலும் இவை ஏற்கெனவே புழங்குகின்றன.

சிங்கிளுக்கு, அதாவது நாம் பிழையாக ஆல்பம் என்று அழைக்கும் ஒற்றைப் பாட்டுக்கு, 'தனிப்பாடல்' என்பதைப் போலப் பொருத்தமான சொல் வேறில்லை. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பிரித்து, 'முத்தகச் செய்யுள் தனிநின்று முடியும்' என்கிறது. வேறொரு பாட்டின் துணையின்றித் தன்னளவில் நிறைவது முத்தகம். தொகைநிலையைப் பற்றிச் சொல்லும்போது, ஒருவர் பாடியதாகவோ பலர் பாடியதாகவோ இருக்கலாம் என்றும், பொருள், இடம், காலம், தொழில், பாவகை, அளவு இவற்றில் ஒன்றைக் கொண்டு சேர்க்கலாம் என்றும் வகுக்கிறது. குறுந்தொகை அளவால் தொகுத்தது, கலித்தொகை பாவால் தொகுத்தது. ஒலியோடைச் செயலிகள் ஒன்று முதல் மூன்று பாட்டுவரை சிங்கிள், ஏழோ அதற்கு மேலோ போனால் ஆல்பம் என்று எண்ணிக்கையையும் நீளத்தையும் மட்டும் வைத்துப் பிரிப்பதைக் காட்டிலும் இது நுட்பமான பாகுபாடு. காளமேகமும் ஔவையாரும் அவ்வப்போது பாடியதாக வழங்கிய பாட்டுகள் தனித்தனியே ஊர் சுற்றி, பிற்பாடு 'தனிப்பாடல் திரட்டு' என்ற பெயரில் ஏடேறின. முதலில் தனிப்பாடலாக உலவிவிட்டுப் பின்னர் தொகுப்பில் சேர்வது புதுப் பழக்கம் அல்ல.

இதற்கு ஒரு மறுப்பு எழும். தனிப்பாடல் என்பது ஒருவரே பாடும் பாட்டையும் குறிக்கிறதே, பள்ளி விழாவில் 'தனிப்பாடல் போட்டி' என்கிறோமே என்பார்கள். நியாயமான மறுப்புதான். என் சொல்லைக் கேட்டு அந்தப் பையன் அடுத்த பாட்டின் சுவரொட்டியில் 'புதிய தனிப்பாடல்' என்று போட்டதும், முதலில் வந்த கேள்வியே 'ஏன், இந்தத் தடவை உன் தங்கச்சி பாடலையா?' என்பதாக இருந்தது. ஆனால் வினைச்சொல் வந்தவுடன் குழப்பம் தீர்ந்துவிடும். 'தனிப்பாடலாகப் பாடினார்' என்றால் பாடிய ஆள் ஒருவர். 'தனிப்பாடலாக வெளிவந்தது' என்றால் பாட்டு ஒன்று. தலைப்பில் வினைக்கு இடமில்லாதபோது 'தனிப்பாடல் வெளியீடு' என எழுதலாம்.

'இண்டிபென்டன்ட்' என்பதன் குறுக்கமான 'இண்டி' என்னும் ஒட்டுப்பெயரையும் இங்கே பிரித்தறிய வேண்டும். மேலை நாடுகளில் அது பெரிய இசை நிறுவனங்களைச் சாராமை. நம்மிடம் சினிமாவைச் சாராமை. ஆகவே உலகின் மூன்று பெரிய இசை நிறுவனங்களுள் ஒன்றான சோனி பணம் போட்டு வெளியிடும் பாட்டும், படத்தில் இல்லையென்றால், இங்கே இண்டி ஆகிவிடுகிறது. 'சுயாதீன இசை' என்று மொழிபெயர்த்தால் இந்த மயக்கமும் சேர்ந்தே வரும். படத்தைச் சாராததைத் 'திரைசாரா இசை' என்றும், நிறுவனத்தின் துணையின்றிக் கலைஞரே வெளியிடுவதைத் 'தன்வெளியீடு' என்றும் பிரித்து எழுதுவதே தெளிவு. பையனின் பாட்டு இரண்டும் ஆகும், 'கட்சி சேர' முதலாவது மட்டும்.

எஞ்சியிருப்பது, சிங்கிளுக்கும் ஆல்பத்துக்கும் நடுவில் நிற்கும் 'ஈ.பி.' ஆங்கிலத்தில் அதன் விரிவு 'நீட்டித்த ஒலிப்பு' என்று பொருள்படும், ஏனென்றால் சிங்கிளைவிட அது நீளம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டுகள் கொண்ட தமிழ்ப்பட ஈ.பி. தட்டுகள் பல வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கின்றன. இன்று அதை ஆல்பத்தோடு ஒப்பிட்டுச் சிறியது என்றே எண்ணுவதால் 'சிறுதொகுப்பு' என்பது பொருந்தும். பையன் இப்போது நான்கு பாட்டுகளைச் சேர்த்து வெளியிட ஆயத்தமாகிறான். "செய்திக் குறிப்பில் சிறுதொகுப்பு என்று எழுதிக்கொள்கிறேன், அப்பத்தாவிடம் என்ன சொல்வது?" என்று கேட்டான். "நாலு பாட்டு சேத்துப் போட்டிருக்கேன்னு சொல்லு" என்றேன்.